கிழிய வேண்டிய தையல்

ஆம்பூரில் தேசிய நெடுஞ்சாலை 48-ஐ ஒட்டி வரிசையாகக் காலணிக் கடைகள். அவற்றுக்கு நடுவே, முன்பக்கம் தகரக் கூரை இறக்கிய ஒரு சீட் கவர் கடை. போன மாதம் அங்கே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். போனது என் வண்டிக்காக. கூடவே ஒரு தொழிலையும் பார்த்துவிட்டு வந்தேன்.

வண்டிக்கு இரண்டு கோளாறுகள். வேறொரு ஊரில் சீட் கவரும் புது ஸ்டீரியோவும் மாட்டிய பிறகுதான் இரண்டும் தொடங்கின. ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. வெள்ளிக்கிழமை இரவு நிறுத்திய வண்டி திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் ஆகவில்லை. மாட்டியவரைக் கேட்டால் பேட்டரி போய்விட்டது என்றார். பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்டது ஒரே கேள்வி. “சார், எதெது புதுசா மாட்னீங்க? எது முன்னாடி, எது பின்னாடி? வரிசையா சொல்லுங்க.” சொன்னேன். “கடைசியா யார் கை வெச்சாங்களோ, அங்கதான் மொதல்ல பாக்கணும்” என்றார்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் இடையில் மீட்டரை மாட்டினார். உடனே அளவு பார்க்கவில்லை. கதவுகளைப் பூட்டிச் சாவியைத் தள்ளி வைத்துவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார். வண்டியிலுள்ள கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம் ஆகுமாம். அந்த அரை மணிக்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் பேட்டரியைக் குறை சொல்கிறார்கள் என்றார்.

மீட்டர் 0.42 ஆம்பியர் காட்டியது. நிறுத்தி வைத்த வண்டி 0.05-க்கு மேல் இழுக்கக் கூடாது. நாளுக்குப் பத்து ஆம்பியர் ஹவர் போனால், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாளுக்குள்ளேயே வண்டியை ஸ்டார்ட் செய்யும் தெம்பை இழந்துவிடும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார். ஏழாவதைப் பிடுங்கியதும் மீட்டர் 0.03-க்கு இறங்கியது. ரேடியோ ஃபியூஸ்.

ஸ்டீரியோவை வெளியே இழுத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகிப் பிசுபிசுத்தது. “மஞ்சளுக்கு எப்பவும் கரண்ட் இருக்கணும், நேரமும் ஸ்டேஷனும் ஞாபகம் வெக்க. சிவப்புக்குச் சாவி போட்டாத்தான் வரணும். ரெண்டையும் ஒண்ணாக் கட்டினா செட் தூங்கவே தூங்காது.” சிவப்பைப் பிரித்துச் சாவி லைனில் சேர்த்து, ஈயம் பற்ற வைத்து, மேலே ஸ்லீவ் ஏற்றினார்.

மேசை இழுப்பறையில் ஒரு டப்பா வைத்திருக்கிறார். உருகிய ஹெட்லைட் ஹோல்டர்கள், கருகிய வயர்த் துண்டுகள். வேலைக்கு வரும் பையன்களுக்கு அதுதான் முதல் பாடம். ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். கம்பெனி பல்பு 60/55 வாட். அதை எடுத்துவிட்டு 100/90 போட்டிருக்கிறார்கள். ஹை பீமில் இரண்டு விளக்குகளும் சேர்ந்து பத்து ஆம்பியர் வாங்கிய இடத்தில் இப்போது பதினாறுக்கு மேல். வயரின் தடிமன் மட்டும் பழையதுதான். “தனி வயர், ரிலே, பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் போட்டா வயர் பொழைக்கும். எதிர்ல வர்றவன் கண்ணு?” என்று கேட்டார். அந்த வேலையை அவர் எடுப்பதில்லை.

அடுத்தது ஏர்பேக் விளக்கு. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் ஒன்று உண்டு. காற்றுப்பைக்குப் போகும் வயருக்கு மஞ்சள்தான் அடையாளம். அதில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கக் கூடாது. அந்தச் சிறு மின்சாரமே பையை வெடிக்க வைத்துவிடலாம். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு, பிறகுதான் கை வைத்தார். சீட் கவரின் கொக்கி இழுத்ததில் கப்ளர் பாதி கழன்றிருந்தது. அழுத்தி மாட்டி, ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்தது. கிளம்பலாம் என்று எழுந்தேன். “உக்காருங்க சார், பெரிய கோளாறு இனிமேத்தான்” என்று சீட்டின் பக்கவாட்டைத் தடவிக் காட்டினார்.

உள்ளே தையல் இயந்திரத்தில் இருந்த அக்காவைக் கூப்பிட்டார். ஷூ கம்பெனியில் அப்பர் (மேல்பாகம்) தைக்கும் பிரிவில் பதினாறு வருடம் இருந்தவர். தோல் கையிலிருந்தால் அதன் முதுகுப் பக்கம் எது, வயிற்றுப் பக்கம் எது என்று இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். முதுகுத் தோல் இறுக்கம், வயிற்றுத் தோல் இளகும். அதனால் உட்காரும் இடத்துக்கு முதுகு, ஓரங்களுக்கு வயிறு. மடிக்கிற விளிம்பைச் சீவி மெல்லிசாக்கினால்தான் தையல் புடைக்காது. இந்தக் கடைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி ரெக்சின்தான். அதையும் அதே விரல்களால்தான் தடவிப் பார்க்கிறார்.

என் சீட் முதுகின் ஓரத்தில், கவரை விலக்கியபோது, கம்பெனியின் சின்னத் துணிச் சீட்டு தெரிந்தது: ஏர்பேக். அதற்குள்தான் பக்கவாட்டுக் காற்றுப்பை மடிந்து கிடக்கிறது. மோதினால் கண் இமைப்பதற்குள் அது தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்கென்றே கம்பெனி அந்த ஓரத்தை அமைத்திருக்கிறது. எனக்குக் கவர் மாட்டியவரோ அதன்மேல் தடித்த நூலில் இரட்டைத் தையல் போட்டு இறுக்கியிருந்தார். பார்க்க எவ்வளவு நேர்த்தி! மூன்று வாரமாக அதைத்தான் நான் எல்லோரிடமும் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

“பிரியாம தைக்கத்தான் எனக்குக் கத்துக் குடுத்தாங்க சார். பிரியணும்னே ஒரு தையல் இருக்குன்னு இங்க வந்துதான் பாத்தேன்” என்றார் அக்கா.

மெல்லிய நூலில் தைத்துவிடலாமே என்றேன். பாய் மறுத்தார். எந்த நூல் எந்த வேகத்தில் அறும் என்பதைச் சோதனைக் கூடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடையில் குத்துமதிப்பாகத் தைத்ததை நம்பி உயிரை வைக்கக் கூடாது. அக்கா பிளேடால் அந்த ஓரத்தை நறுக்கித் திறந்தார். விளிம்பை மடித்துத் தைத்து, கம்பெனித் துணி வெளியே தெரியும்படி விட்டார்.

சேர்க்கிற எதையும் தனியாகப் பார்க்க முடியாது என்பது இந்த மண்ணுக்குப் புதிய பாடம் இல்லை. தோல் பதனிடச் சேர்த்த உப்பும் குரோமியமும் பாலாற்றுப் படுகையின் கிணறுகளுக்கு இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், சேதம் நடக்கும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைக்கச் சொல்லும் பாயும் அதையேதான் சொல்கிறார்.

2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை இந்தியாவின் புதிய கார்களில் கட்டாயம். இன்று பல கார்களில் பக்கவாட்டிலும் அவை உண்டு. ஆனால் கவர் தைப்பவருக்கும் ஸ்டீரியோ மாட்டுபவருக்கும் இதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கிறவர்கள் எங்கே? பாய் கருகிய ஹோல்டர்களில் படித்தார். அக்கா பாயிடம் படித்தார். தொழிற்பயிற்சி நிலையங்கள் இதை ஒரு வாரப் பாடமாகவாவது வைக்க வேண்டும். அந்தப் பாடத்தை நடத்த இவர்களையே அழைக்க வேண்டும்.

என் காரின் முன் சீட்டுகளில் இப்போது பழுப்பு நிறக் கவருக்கு ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குச் சாம்பல் துணி தெரிகிறது. துணி பற்றவில்லையா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சின்னத் துணிச் சீட்டைக் காட்டுகிறேன்.