சிறகு பூட்டும் காலை

ஜூலை மாதத்தில் பல் கிட்டிக்கும் என்று ஊரில் யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்தில், டிராவ் பள்ளத்தாக்கில் கிடக்கும் கிரைஃபென்பர்க் என்ற சிற்றூரிலிருந்து வேன் சுற்றிச் சுற்றி ஏறி எம்பெர்கர் ஆல்ம் புல்வெளியில் எங்களை இறக்கிவிட்டது. ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். வாயைத் திறந்தால் புகை! ஈரப் புல், ஊசியிலை மரத்துப் பிசின், இரண்டுக்கும் நடுவே சாணி வாசம். அந்த ஒரு வாசம் மட்டும் எந்தத் தேசத்துக்குப் போனாலும் நம்மை விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறது.

வேனின் கூரையிலிருந்து நீளமான பையை இருவர் பிடித்து இறக்கினார்கள். உள்ளே இருப்பது, ஆள் அடியில் தொங்கியபடி பறக்கும் விறைப்புச் சிறகு ஹேங் கிளைடர். சாதாரண வகையில் அலுமினியக் குழாய்களுக்கு நடுவே துணி இழுபட்டு நிற்கும். இதில் முன்விளிம்பு முழுவதும் கார்பன் இழையால் ஆன கெட்டியான கூடு. விரித்தால் நுனிக்கு நுனி ஏறத்தாழ 13 மீட்டர். எடையோ 40 கிலோவை ஒட்டித்தான். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 20 மீட்டர் வரை முன்னேறிவிடுமாம். எனக்குக் கேட்கவே மலைப்பாக இருந்தது.

அதன் உடைமையாளர் அறுபதைத் தாண்டியவர். பையைப் பிரிக்கும்வரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர், பிரித்ததும் ஊமையாகிவிட்டார். அங்கே அதுதான் வழக்கம். சிறகு பூட்டுகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, காலை வணக்கம்கூடக் கிடையாது. கவனம் அறுந்தால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலு பேர் கூடினால் நாற்பது யோசனை சொல்லும் ஊரிலிருந்து வந்த எனக்கு அந்த மௌனம் பெரிய அதிசயம்.

மடங்கிக் கிடந்த விலாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்தினார், துணி விறைத்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, கார்பன் கூட்டை விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே போனார். டிக், டிக், டிக். கூர்மையாகக் கேட்டால் நலம். மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். வண்டியில் ஒரு முனை இடித்தாலே போதும், வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே காயம் பட்டிருக்கும். காதாலேயே காயம் தேடும் அந்த மனிதரை விட்டு என் கண் அகலவில்லை.

அடுத்து ஸ்பாய்லர். சிறகின் மேல்முதுகில் பக்கத்துக்கு ஒரு தகடு. பறப்பவர் உடலை வலப்பக்கம் நகர்த்தினால் பிடிச்சட்டமும் சாய்ந்து கம்பியை இழுக்கும்; வலத் தகடு எழும்பும்; அங்கே காற்றோட்டம் கலைந்து தூக்குவிசை குறையும்; சிறகு அந்தப் பக்கம் சாய்ந்து திரும்பும். கம்பி தொளதொளத்தால் திருப்பம் தாமதமாகும். அதிகமாக இறுக்கினாலோ, நேராகப் பறக்கும்போதும் தகடு முழுக்க மூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த மயிரிழையைத்தான் அவர் தேடினார். சட்டத்தை இடமும் வலமும் அசைத்து, குனிந்து பார்த்து, திருகை ஒரு கால் சுற்றுச் சுற்றினார். மறுபடி அசைத்தார். சிறகின் முறுக்கைக் கோணமானி வைத்து இருபுறமும் ஒப்பிட்டார். உடல் தொங்கும் புள்ளியை முன்னே நகர்த்தினால் வேகம் கூடும், பின்னே தள்ளினால் குறையும். காற்றாடிக்குச் சூத்திரம் கட்டும் பையனின் முகத்தில் இதே தீவிரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மானியர் ஓட்டோ லிலியென்தால் 1894-இல் வில்லோக் கழிகளாலும் பருத்தித் துணியாலும் செய்து விற்ற கிளைடரும் இதைப்போல மடக்கி எடுத்துச் செல்லக்கூடியதுதான். அவருக்கு உடலைச் சாய்ப்பதைத் தவிர வேறு பிடிமானம் இருக்கவில்லை. 1896 ஆகஸ்டில் காற்று கிளைடரின் மூக்கைத் தூக்கிவிட, விழுந்து இறந்தார். அதை நினைத்ததும் அந்தச் சின்னத் தகட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

பத்து மணிவாக்கில் தெற்குச் சரிவு சூடேறியது. நம் பெரியவர் சேணத்தை மாட்டி, ஒருவர் சிறகின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, படுத்துத் தொங்கிப் பார்த்தார். பிறகு ஓட்டம். நாலைந்து எட்டுத்தான்! கால் தரையை விட்டதும் என் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு கூச்சல் எழுந்தது. வெப்பக் காற்றில் சுற்றிச் சுற்றி ஏறி, எதிரே கைல்தால் ஆல்ப்ஸ் பக்கம் ஒரு கோடாகச் சுருங்கினார்.

மாலை கீழே இறங்குதிடலில் சந்தித்தேன். வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டினேன். அவர் நெற்றி சுருங்கியிருந்தது. வேகம் எடுத்தால் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறதாம். முன்விளிம்பில் ஒட்டிய பூச்சிகளை ஈரத்துணியால் துடைத்தார், இடது நுனியருகே இருந்த விலாவின் சாய்வைத் துளி மாற்றினார், மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதினார். வேறெதையும் தொடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தானாம். இரண்டு செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. நாளைக்கு எத்தனை மணிக்கு வேன் என்று கேட்டேன்.