ரத்தம் சொன்ன கணக்கும் சொல்லாத கணக்கும்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், எங்கள் காலனிக்கு ஒரு புதுச் சொல் பழகிப்போனது: டி-டைமர். உடலுக்குள் ரத்தம் உறைவதைக் காட்டிக்கொடுக்கும் அளவு அது. கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., திசுக்கள் சிதைவதைக் காட்டும் எல்.டி.ஹெச். இவை ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்று பொருள்.

என் பெரியப்பாவை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள், "எல்லாமே எகிறிக் கெடக்குது, இங்க வச்சிப் பிரயோசனமில்ல, வேற எடம் பாருங்க" என்றார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்து அது ஐந்தாம் நாள். வாரக் கூலிக்குக் காத்திருந்த நாட்களும், வண்டி வாடகைக்குக் கடன் கேட்டு அலைந்த நாளும் அதில் அடக்கம். மறுநாள் இரவு அவர் இறந்துபோனார்.

அந்த எண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தார் என்பதும் அந்த எண்களுக்குள்தான் இருந்தது. அதை அங்கே யாரும் படிக்கவில்லை.

2020-இல் வூஹானில் 485 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், எல்.டி.ஹெச்., லிம்போசைட், சி.ஆர்.பி. மூன்றையும் வைத்து, யார் பிழைப்பார் என்பதைப் பத்து நாள் முன்பே 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்றார்கள். வேறு நாடுகளில் போட்டுப் பார்த்தபோது அந்தக் கணக்கு அப்படி நிற்கவில்லை. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வோ எண்ணை வேறு விதமாகப் பயன்படுத்தியது. ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. 75-ஐத் தொட்டவர்களுக்கு டோசிலிசுமாப் மருந்து கொடுத்தார்கள், சாவு குறைந்தது. எண் ஏறியிருந்தால் கூடுதல் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பதுதான் அறிவியல். வெளியே அனுப்பு என்பது அறிவியல் அல்ல.

நம் அரசின் வழிகாட்டுதலும், மிதமான நோயாளிக்கே 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சி.ஆர்.பி., டி-டைமர் பார்க்கச் சொன்னது. கல்வராயன் மலையின் உள் கிராமங்களில், சாலை இல்லாமல் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் மலையாளி பழங்குடி மக்களுக்கு, முதல் ரத்தம் எடுப்பதற்கே கச்சிராயபாளையமோ கள்ளக்குறிச்சியோ இறங்க வேண்டுமென்றால், இரண்டாவது முறை எப்போது?

2024 ஜூனில் கருணாபுரத்திலும் இதையேதான் பார்த்தோம். மெத்தனால் சாராயத்தில் ரத்தம் எவ்வளவு அமிலமாகிவிட்டது என்பதைப் பார்த்து மருத்துவர்கள் ஆபத்தைக் கணித்துவிட முடியும். ஆனால் நேரம் போகப் போக அமிலம் கூடும். புதுச்சேரி ஜிப்மருக்கும் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் மக்கள் ஓடினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலோர் தலித் மக்கள்.

கொரோனா காலத்தில் தமிழக அரசின் தினசரி அறிக்கை, இறந்தவரின் வயது, பாலினம், இணைநோய் எல்லாம் சொன்னது. சாதியைச் சொல்லவில்லை. நீரிழிவு இணைநோய் என்றால், சேரியும் மலையும் ஏற்படுத்தும் தாமதம் என்ன நோய்?

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்லது. இனி மலையில் இரவும் பகலும் ரத்தம் பார்க்கும் லேப் வேண்டும், அதை இயக்க ஆள் வேண்டும், இறக்கிவர ஆம்புலன்ஸ் வேண்டும், அது போக ரோடு வேண்டும். ஒவ்வொரு சாவறிக்கையிலும் சமூகமும், வந்து சேர எடுத்த நேரமும் எழுதப்பட வேண்டும். எழுதாத கணக்கை யாரிடம் போய்க் கேட்பது?

ஜெய் பீம்.