இரண்டு நிறங்களும் ஓர் அறையும்



என் தாயார் எங்களோடு வந்து தங்கவிருப்பதால், குருமனையின் பின்னறைக்கு வர்ணம் பூச வேண்டியதாயிற்று. நான் சந்தன நிறத்தை விரும்பினேன். என் மனைவி கருநீலத்தை விரும்பினார்கள். நான்கு நாட்கள் வாக்குவாதம் நீடித்தது. குடும்பத் தலைவன் என்ற தோரணையில் நானே தீர்ப்புச் சொல்ல முற்பட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வர்ணம் பூச வந்த சகோதரர் ஓர் ஆலோசனை சொன்னார்: "அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் ஐயா. இரண்டையும் சுவரில் இரண்டடிச் சதுரமாகப் பூசி, காய்ந்தபின் காலையும் மாலையும் பாருங்கள்."

அவ்வாறே செய்தோம். காலை வெளிச்சத்தில் கருநீலம் அழகாகவே இருந்தது. மாலையிலோ அந்த மூலை இருண்டுபோயிற்று. வெளிர்நிறம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. கருநிறம் அதை விழுங்கிக்கொள்கிறது. நான் வென்றேன் என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

அந்த வாரமே அம்மா அறையைப் பார்க்க வந்தார்கள். பழைய வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச் பலகை. அதைத் தேடி அவர்களுடைய கை சுவரைத் தடவிக்கொண்டே சென்றது. "எந்த நிறமானாலும் சரி தம்பி, சுவிட்சும் வாசலும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்" என்றார்கள்.

நான் தலைகுனிந்தேன். முதுமையில் கண்ணின் வில்லை மங்கி மஞ்சளாகும். ஒன்றையொன்று ஒத்த நிறங்களைப் பிரித்தறிவது கடினமாகும். இதை அறிந்திருந்தும் நான் எண்ணிப்பார்க்கவில்லை. நான்கு நாள் வாக்குவாதத்தில், அந்த அறையில் வாழப்போகிறவரிடம் நாங்கள் இருவருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்பொழுது சுவர்கள் சந்தன நிறம். கதவு நிலையிலும் சுவிட்ச் பலகையைச் சுற்றிலும் கருநீலம். நள்ளிரவில் சிறு விளக்கொளியிலும் அம்மா தடுமாறாமல் எழுந்து செல்கிறார்கள். என் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, தன் நலத்தை மட்டுமல்ல, பிறர் நலத்தையும் கருதும்படி பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினார். அதைப் பலமுறை பிரசங்கித்த எனக்கு, ஒரு சுவர் அதை மறுபடியும் கற்றுக்கொடுத்தது. இந்த வாரம் உங்கள் இல்லத்தில் எடுக்கப்படும் தீர்மானம் எதுவாயினும், அதோடு வாழப்போகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள், அவரிடமும் கேளுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.