அரை நிமிடத்தில் சொன்ன யோசனை



சென்ற மாதம் துபாயிலிருந்து என் லாத்தாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். சலாம் கூறி நலம் விசாரித்தபின், "மாமா, மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். கம்ப்யூட்டரில் எதைப் படித்தால் நல்லது? நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்" என்றான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கணினித் துறையில் உழைத்து ஓய்வு பெற்ற எனக்கு, இது விடை தெரியாத கேள்வியன்று. ஆயினும், "இரண்டு நாள் அவகாசம் கொடு" என்றேன். ஏன் அவ்வாறு கேட்டேன் என்பதை உங்களிடம் மனந்திறந்து கூற விரும்புகிறேன்.

1987ஆம் ஆண்டு சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கணினி இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அறை முழுதும் குளிரூட்டப்பட்டிருக்கும். கணினி வந்தால் எழுத்தர் வேலை போய்விடும் என்று வங்கி ஊழியர் சங்கங்கள் அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. நான் பயின்ற கணினி மொழியின் பெயர் கோபால். "கோபாலில் வேலை செய்கிறேன்" என்று நான் சொன்னதைக் கேட்டு, கோபால் என்பவர் என் முதலாளி என்றே வாப்பா நெடுநாள் எண்ணியிருந்தார்கள்!

1990களின் பிற்பகுதியில் அந்தக் கோபாலுக்கு எங்கிருந்தோ ஒரு பெருமதிப்பு வந்தது. பழைய கணினிகளில் ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். 1940இல் பிறந்தவரின் வயதைக் கணிக்க, 98இலிருந்து 40ஐக் கழித்தால் 58 என்று சரியாக வரும். 2000 பிறந்தாலோ 00இலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும், கணினி குழம்பிவிடும். இப்பிழையைத் திருத்த அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் நம் நாட்டு இளைஞர்களை ஆயிரக்கணக்கில் அமர்த்தின. தெருவுக்குத் தெரு கணினிப் பயிற்சி நிலையங்கள் முளைத்தன.

அச்சமயத்தில்தான், 1999இன் தொடக்கத்தில், என் லாத்தா யோசனை கேட்டார்கள். மருமகன் கணக்கில் கெட்டிக்காரன். கல்லூரியில் கணிதப் பட்டப்படிப்புக்கு இடமும் கிடைக்கும் நிலை. "மூன்று ஆண்டை ஏன் வீணாக்க வேண்டும்? கோபால் படிக்கட்டும், படித்து முடிக்குமுன் வேலை வரும்" என்றேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. லாத்தா இரண்டு வளையல்களை விற்று நாற்பதாயிரம் ரூபாய் கட்டினார்கள்.

அவன் படித்து முடித்தது 2000ஆம் ஆண்டின் இறுதியில். அதற்குள் திருத்த வேண்டிய பிழைகள் திருத்தப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் பல சரிந்தன. 2001இல் புதியவர்களை வேலைக்கு எடுப்பது ஏறத்தாழ நின்றே போயிற்று. சான்றிதழைச் சுமந்துகொண்டு அவன் பதினான்கு மாதங்கள் சென்னையில் அலைந்தான். பயிற்சி நிலையமோ வேறு பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டது. இறுதியில் வளைகுடாவுக்குக் கடை விற்பனையாளனாகப் புறப்பட்டான். வழியனுப்பும்போது லாத்தா, "நீ நல்லதுக்குத்தானே சொன்னே தம்பி" என்றார்கள். ஏசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

சந்தை சரிந்தது என் குற்றமன்று. ஆனால் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு பிறந்ததும் முடிந்துவிடும் வேலை அது என்பது, அதிலேயே உழன்றுகொண்டிருந்த எனக்குத் தெரியாததா? என் மேசைமீது குவிந்திருந்த வேலையைப் பார்த்தேனே தவிர, அந்தப் பிள்ளையின் நாற்பதாண்டு வாழ்வைப் பார்க்கவில்லை. யோசனை சொல்வது ஓர் அமானிதம். அதை நான் அலட்சியமாகக் கையாண்டேன்.

பெற்றோர்களே! அந்த அனுபவத்திற்குப் பின் நான் கற்றவற்றுள் சிலவற்றைக் கேளுங்கள்.

கருவி வேறு, கல்வி வேறு. விவரங்களை அட்டவணைகளாகப் பிரித்துத் தொடர்புபடுத்தி வைக்கும் முறையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970இல் வெளியிட்டார். வங்கியும் மருத்துவமனையும் இன்றளவும் பெரும்பாலும் அம்முறையில்தான் கணக்கு வைக்கின்றன. அதன்மேல் வந்த மென்பொருள்களோ எத்தனையோ தோன்றி மறைந்தன. கணிதம், தருக்கம், பிழையின்றி எழுதும் ஆற்றல் ஆகியவற்றைக் கற்றவன் எந்தக் கருவியையும் சில மாதங்களில் பிடித்துக்கொள்வான். கருவியை மட்டும் கற்றவன் அது போகும்போது தானும் போகிறான்.

பிற நாட்டின் விசாவை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அமெரிக்கா எச்1பி விசாவின் ஆண்டு வரம்பை 65,000இலிருந்து 1,15,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆகவும் உயர்த்தியது; 2004இல் மீண்டும் 65,000க்கே இறக்கியது. 2025 செப்டம்பரில், புதிய விண்ணப்பத்திற்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. அந்நாடு தன் தேவைக்கேற்பக் கதவைத் திறக்கும், மூடும். அதனைக் குறைகூறிப் பயனில்லை. அந்தக் கதவை நம்பி வீட்டை அடகு வைப்பதுதான் பிழை.

நம் அரசுகளுக்கும் ஒரு சொல். 2011 முதல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது போற்றத்தக்கதே. எனினும் கணினியை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். அதைக் கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்க ஆண்டுகள் பிடிக்கும். இரண்டாவதுதான் பெரிய செலவு. பலன் தருவதும் அதுவே.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், செயற்கை நுண்ணறிவு மூன்றே மாதங்களில் கற்பிக்கப்படும் என்னும் விளம்பரங்களை எங்கும் காண்கிறேன். அவற்றைப் படிக்கும்போது 1999 என் கண்முன் வருகிறது. புதிதாகச் சேர்பவர் எழுதும் எளிய நிரல்களை இன்று இயந்திரமே நொடியில் எழுதித் தருகிறது. ஆனால் அது தவறாகவும் எழுதும். தவற்றையும் துணிவோடு சொல்லும். சரி எது, பிழை எது எனச் சோதித்து, "இதற்கு நான் பொறுப்பு" என்று சொல்லக்கூடியவர் தேவைப்படுவார். அந்தத் தெளிவு மூன்று மாதங்களில் வருவதன்று.

இரண்டு நாள் கழித்து நானே துபாய்க்கு அழைத்தேன். "முதலில் பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடு" என்றேன். 1999இல் நான் அவள் வாப்பாவிடம் கேட்க மறந்த கேள்வியை அவளிடம் கேட்டேன்: "உனக்கு எது பிடிக்கும் கண்ணே?"

"கணக்கு" என்றாள் அவள்.

கணிதத்தில் பட்டம் படிக்கட்டும். கணினியை அதனோடு சேர்த்துக் கற்கட்டும். கட்டணத்துக்காக எவர் வளையலையும் விற்க வேண்டாம் என்றேன். ஐந்தாண்டில் சந்தை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மறுமுனையில் மருமகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதை உம்மாவிடம் சொல்கிறேன் மாமா, சந்தோஷப்படுவார்கள்" என்றான்.