கோல் கும்பஸா? கோல்கொண்டாவா?

நோன்புப் பெருநாள் கழிந்து, ஷவ்வால் பிறை பத்தையொட்டி மதரஸாக்கள் மீண்டும் திறக்கும்வரை எம்போன்ற ஆசிரியர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வாரம். உறவினர் இல்லங்களுக்குச் சென்றுவர மூன்று நாட்கள் போனால் எஞ்சுவது நான்கே நாட்கள். நான்கு நாட்களில் இரண்டு ஊர்களைப் பார்த்துவிடலாம் என்று புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ரயில் நிலையங்களை மட்டுமே பார்த்துத் திரும்புகிறார்கள். எனவே ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். இவ்வாண்டு எங்கள் இல்லத்தில் எழுந்த வினா இதுதான்: பீஜப்பூரா, ஹைதராபாத்தா?

இரண்டும் தக்காணத்து சுல்தான்களின் தலைநகரங்கள். முன்னதை ஆதில்ஷாஹிகளும் பின்னதைக் கோல்கொண்டாவோடு சேர்த்துக் குதுப்ஷாஹிகளும் ஆண்டனர். தமிழகத்துக்கும் இவ்விரு அரசுகளும் அந்நியமல்ல. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செஞ்சிக் கோட்டை பீஜப்பூர்ப் படையிடம் வீழ்ந்தது; 1662இல் சாந்தோம் கோல்கொண்டாவின் கைக்குப் போனது. இரு அரசுகளையும் ஔரங்கசீப் 1686, 1687 என அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றார். ஒற்றுமை அத்துடன் முடிகிறது. பீஜப்பூர் அன்று உறங்கப் போன ஊர். ஹைதராபாத்தோ நிஜாம்களின் காலத்தில் மீண்டும் எழுந்து, இன்று தெலங்கானாவின் தலைநகராக இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கிறது.

என் மனம் பீஜப்பூரையே நாடியது. பி.ஏ. வரலாறு பயின்ற காலத்தில் கல்லூரிச் சுற்றுலாவில் அவ்வூரைக் கண்டிருக்கிறேன். (2014இல் அதன் பெயர் விஜயபுரா என்று மாற்றப்பட்டுவிட்டது; பழைய பெயர்தான் என் நாவில் நிற்கிறது.) முகம்மது ஆதில்ஷா துயிலும் கோல் கும்பஸைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது பெரிய அழகு ஒன்றும் தோன்றாது. உள்ளே நுழைந்து தலையை நிமிர்த்தினால்தான் மூச்சு ஒரு கணம் நிற்கும். ஏறத்தாழ 38 மீட்டர் அகலமுள்ள குவிமாடம். அதைத் தாங்க நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைவுகள் அந்தப் பாரம் முழுவதையும் சுவர்களுக்குக் கடத்திவிடுகின்றன. குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றியோடும் மாடத்தில் ஒருவர் சுவரருகே மெல்லப் பேசினால், எதிர்ப்புறத்தில் நிற்பவர் காதில் அது பக்கத்தில் நின்று சொன்னதுபோல் விழும். ஒருமுறை கை தட்டினால் ஓசை பலமுறை திரும்பி வரும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கூச்சலிடும் வேளையில் சென்றால் இதொன்றும் விளங்காது. விடியற்காலையில் செல்ல வேண்டும்.

அதைவிட என்னைக் கவர்ந்தது இப்ராஹீம் ரவ்ழா. ஒரே மேடையில் கல்லறை மாளிகையும் பள்ளிவாசலும் எதிரெதிரே நிற்க, இடையில் ஒரு தடாகம். சுவர்களிலும் சாளரங்களிலும் அரபு எழுத்துகளைக் கல்லில் இழைத்திருக்கிறார்கள். கத்தாத் எனப்படும் எழுத்தோவியரின் கைத்திறனைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. ஊரும் அமைதியானது. ஆட்டோக்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டால் ஒன்றரை நாளில் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

ஆனால் பயணம் நீளமானது. பெங்களூர் சென்று, அங்கிருந்து மேலும் ஓர் இரவு ரயிலில் கழிக்க வேண்டும். ஹைதராபாத்துக்கோ சென்னையில் மாலையில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம்.

என் துணைவியாரும் மகளும் ஹைதராபாத்தின் பக்கம். லாட் பஜாரின் வளையல்களே அவர்களின் முதல் வாதம் என்பதை மறைப்பானேன்! 1591இல் எழுந்த சார்மினார், அதனருகே மக்கா மஸ்ஜித் ஆகியவற்றை அதன்பின் சேர்த்துக்கொண்டார்கள். மக்கா மஸ்ஜிதை எளிதாக ஒதுக்கிவிட முடியாதுதான். 1617இல் தொடங்கி 1694இல் முடிந்த கட்டுமானம் அது. அதன் மிஹ்ராபுக்குரிய பாறையைப் பெயர்த்தெடுக்க 500 முதல் 600 பேர் ஐந்தாண்டுகள் உழைத்ததாகவும், அதை இழுத்துவர 1400 எருதுகள் பூட்டப்பட்டதாகவும் பிரெஞ்சுப் பயணி தவர்னியே எழுதி வைத்திருக்கிறார்.

எனினும் வழக்கின் தீர்ப்பு என் தந்தையாரைச் சார்ந்திருந்தது. அத்தா நாற்பது ஆண்டுகள் ஹதீஸ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கண்ணழுத்த நோயால் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. மற்றதும் மங்கி வருகிறது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்வதற்கில்லை.

அவருடைய அலமாரியில் இப்னு ஹஜர் அவர்களின் ‘தஹ்தீபுத் தஹ்தீப்’ 12 பாகங்களும், பைஹகீ அவர்களின் ‘அஸ்ஸுனனுல் குப்ரா’ 10 பாகங்களும் இருக்கின்றன. இரண்டையும் முதன்முதல் அச்சேற்றியது கெய்ரோ அன்று, பெய்ரூத்தும் அன்று, ஹைதராபாத்! 1888இல் அங்கே தோன்றிய தாயிரத்துல் மஆரிஃப், சுவடிகளாய்க் கிடந்த அரபு நூல்களை ஒப்புநோக்கித் திருத்தி வெளியிட்டது. பின்னாளில் பெய்ரூத் பதிப்பாளர்கள் அந்தப் பக்கங்களையே படமெடுத்து மறுபதிப்புச் செய்தனர். உலகெங்கும் ஆலிம்கள் புரட்டிய ஏடுகள் மூசி நதிக்கரை நகரொன்றில் கோக்கப்பட்டவை என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்நிறுவனம் இன்று உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அதன் வாசலிலாவது நிற்க வேண்டும் என்பது அத்தாவின் நெடுநாள் விருப்பம். ஆனாலும் அவர் அதை வலியுறுத்தவில்லை. என் ஆசையை அறிந்தவர் என்பதால், “பீஜப்பூரில் படி எத்தனை?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்கு வழிகாட்டியது. கோல் கும்பஸின் வியப்பு செவிக்குரியது; பார்வை குன்றியவருக்கு ஏற்றதாயிற்றே என்று எண்ணியிருந்தேன். ஆனால் அந்த மாடத்தை அடைய மூலைக் கோபுரமொன்றின் குறுகிய படிகளில் ஏழு அடுக்குகள் ஏற வேண்டும். எழுபத்தைந்து வயது முழங்கால்கள் அதற்கு இடங்கொடா. நாங்கள் மேலே ஏற, அவர் கீழே தனியே அமர்ந்திருப்பார்.

கோல்கொண்டாக் கோட்டையிலும் ஓர் ஒலி வியப்பு உண்டு. ஃபதஹ் தர்வாஸா எனும் வாயிலின் குவிமாடத்தடியில் நின்று கை தட்டினால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிஸாரில் கேட்கும். பகைவர் வருகையை அறிவிக்க இந்த ஏற்பாடு என்பர். இங்கே கை தட்டுபவர் படியேற வேண்டியதில்லை. கேட்பவர் ஏறினால் போதும்.

பயணச்சீட்டு வாங்கியாயிற்று. வியாழன் உஸ்மானியா வளாகம். வெள்ளி மக்கா மஸ்ஜிதில் ஜும்ஆ, பின்னர் வளையல் கடைவீதி. ஸாலார் ஜங் பொருட்காட்சிசாலைக்கு வெள்ளியன்று விடுமுறை என்பதை, செல்வோர் நினைவில் வைக்கவும். சனிக்கிழமை காலை வெயிலேறுமுன் கோல்கொண்டா. வாயிலில் அத்தாவும் அவருக்குத் துணையாக நானும் நிற்போம். மகளும் அவள் தம்பியும் உச்சிக்கு ஏறுவார்கள், இன்ஷா அல்லாஹ். எத்தனை தட்டு கேட்டது என்று அவர்கள் இறங்கி வந்து பாட்டனாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.