மாதிரி எடுத்தது யார்?

ஏப்ரல் 23, 2025

நேற்றுக் கூண்டில் ஏறி இறங்கியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. முந்திரி ஆலைக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கிணற்றுத் தண்ணீர் வழக்கு. தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான் என்பதால் சம்மன். டவாலி என் பெயரை மூன்று முறை கூவினார். என் பெயர் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

தோட்டக்காரரின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. குளோரைடு எவ்வளவு, குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை. பிறகு ஆலைத் தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர். குரலை உயர்த்தவே இல்லை.

“டெஸ்ட் நல்லாத்தாம்மா பண்ணியிருக்கீங்க. தண்ணி நீங்க போய் எடுத்தீங்களா?”

“இல்ல சார், அவங்க கொண்டுவந்தாங்க.”

“எதுல?”

“கேன்ல.”

“சீல் வச்சிருந்துச்சா?”

“இல்ல சார்.”

“அப்ப அது எந்தக் கிணத்துத் தண்ணின்னு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

உட்கார்ந்துவிட்டார். சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் செங்கல் நிறமாகும் அந்தக் கணத்தைப் பிடித்து, மறுபடி மறுபடி செய்து சரிபார்த்ததை ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எந்த ஆய்வகத்து அறிக்கையிலும் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் வரிதான் அது: மாதிரி வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டது. வெளியே தோட்டக்காரர் டீ வாங்கிக்கொடுத்தார். “பரவால்லம்மா” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 29

அந்த வக்கீல் மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது.

மே 4

வீட்டில் சொல்லிவிட்டேன், மூன்று வருஷ எல்.எல்.பி. படிக்கப் போகிறேன் என்று. அம்மா முதலில் சிரித்தாள். “எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சிட்டுக் கறுப்புக் கோட்டா? பி.எட். படிடி, பள்ளிக்கூடத்துலயாவது சேரலாம்.” அப்பா ஒன்றும் பேசவில்லை. இந்த மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் கல்லூரியில் சேர்ந்தால் வேலையை விடவேண்டும். பகல் நேரப் படிப்பு, 70 சதவீத வருகை கட்டாயம். அதாவது அவர் சம்பளமும் என் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு கூட என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

மே 11

ராத்திரி கரண்ட் போனபோது (கரண்ட் தயாரிக்கிற ஊரிலேயே கரண்ட் போவது தனி வேடிக்கை) அப்பா தானாகவே பேச ஆரம்பித்தார். “கம்மாபுரம் ஸ்டேஷன் இங்கதானே. ராஜாக்கண்ணு கேஸு.” 1993. முதனை கிராமத்து ஆளை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். தப்பி ஓடிவிட்டதாகப் போலீஸ் சொன்னது. மனைவி பார்வதி விடவில்லை. அப்போது வக்கீலாக இருந்த சந்துரு ஆட்கொணர்வு மனுப் போட்டார். மீன்சுருட்டிப் பக்கம் கிடைத்த அடையாளம் தெரியாத பிணம் ராஜாக்கண்ணுதான் என்று ஆனது. போலீஸ்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்யும்போது 2006. “ஜெய் பீம்” படம் வந்த பிறகுதான் ஊரே பேசியது. அப்பா அப்போதே பேப்பரில் படித்ததாகச் சொன்னார். சம்மதமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மே 21

மாஜிஸ்திரேட் ஆகலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. நேற்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சிவில் நீதிபதி தேர்வு எழுதவே மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். எனக்கு 27. கூட்டிப் பார்த்தேன். பிறகு கூட்டவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மே 31

அப்பாவுக்கு மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன.

ஜூன் 8

பெங்களூர் அண்ணன் போனில்: “பேட்டன்ட் ஏஜென்ட் பரீட்சை எழுது. அதுக்கு சயின்ஸ் டிகிரிதான் கேக்கறான், எல்.எல்.பி.யே வேணாம்.” உண்மைதான். காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, சம்பளமும் மோசமில்லை. அவன் சொன்னதற்காகவே நோவார்ட்டிஸ் தீர்ப்பை இறக்கிப் படிக்க உட்கார்ந்தேன். விடிய இரண்டு மணி.

ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட். அதன் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். 2006இல் சென்னை அலுவலகம் மறுத்தது, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. பீட்டா வடிவம் நன்றாகக் கொட்டும், வெப்ப இயக்கவியல்படி உறுதியாக நிற்கும், ஈரத்தைக் குறைவாக இழுக்கும். கெமிஸ்ட் கண்ணுக்கு மூன்றுமே முன்னேற்றம். இதற்குப் பரிசு கொடுப்பேன். நீதிமன்றம் ஒன்றைத்தான் கேட்கிறது: நோயாளிக்குக் கூடுதலாகக் குணமாகுமா? காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்கும் ‘திறன்’ மருந்துக்கு அதுதான் என்றது. மீதி எல்லாம் உண்மை, ஆனால் கேட்கப்படாத உண்மை. உடலில் கூடுதலாக 30 சதவீதம் சேர்கிறது என்ற வாதமும் எடுபடவில்லை. அதனால் குணம் கூடியது என்று காட்டவில்லையே என்றார்கள்.

இதைப் படிக்கையில் பயமும் இருந்தது, இத்தனை நாள் எங்கே இருந்தேன் என்ற எரிச்சலும் இருந்தது.

ஜூன் 9

காலையில் எரிச்சல் மட்டும் மிச்சம்.

ஜூன் 15

விண்ணப்பம் போட்டாயிற்று. நுழைவுத் தேர்வு கிடையாது, பி.எஸ்சி. மதிப்பெண்தான். முதல் விருப்பம் விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி. பண்ருட்டி வழியாகப் போய்வந்துவிடலாம். அப்பா முன்னொரு புத்தகக் கண்காட்சியில் வாங்கிவைத்த இந்திய தண்டனைச் சட்டம் அலமாரியில் கிடந்தது. போன ஜூலையோடு அது போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 302 இப்போது 103. மனப்பாடம் செய்தவர்களை நினைத்துச் சிரித்தேன். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று போன வருஷம் தீர்ப்பு வந்திருப்பதை அம்மாவிடம் சொன்னேன். “அது மட்டும் மலிவாக்கும்” என்றாள்.

ஜூன் 22

சாமான் கட்டும்போது அப்பாவின் பழைய லாக் நோட்டு ஒன்று. சுரங்கத்துக்கு அடியில் நிலத்தடி நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். ராவும் பகலும் இறைக்காவிட்டால் தரையே பிளந்துவிடும். அந்த பம்புகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பக்கம் பக்கமாக ரீடிங், நேரம், கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து.

“நம்பர் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா கேட்டுக்குவாங்க. கையெழுத்து இல்லன்னாதான் பிரச்சினை. எந்த ஷிப்ட்டுல எந்த ஆளுன்னு தெரியணும்ல” என்றார். நோட்டைப் பழைய பேப்பர் கட்டில் போட வைத்திருந்தார். எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 6

தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. வடலூரில் வீடு பார்க்கப் போனோம். மாடி, இரண்டு அறை, தண்ணீர் உப்பு (நாக்கிலேயே தெரிகிறது). பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். 2017 வாடகைச் சட்டப்படி மூன்று மாதம்தான் என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். “அப்டியாம்மா? அக்ரிமென்ட்ல எழுதிட்டா?” சட்டத்தைத் திறந்து பார்த்தேன்: வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்தான் அந்த மூன்று மாதம். அவர் படித்தாரோ கேள்விப்பட்டாரோ, தெரிந்தே சிரித்திருக்கிறார். பதினோரு மாத ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தேன். “யாருங்க இதையெல்லாம் படிக்கறா” என்றார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். ஆறாவது ஷரத்தில் வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்றே எழுதவில்லை, கேட்டேன். எழுதச் சொன்னேன். நாளைக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றார் வீட்டுக்காரர். பஸ்ஸில் அம்மா பேசவே இல்லை. அப்பா மட்டும், “ஏழாவதுல என்ன இருந்துச்சு?” என்றார்.