வால்வு தேடிய கதை

டிரான்சிஸ்டர் வந்தபின் வால்வுக்கு வேலையில்லை என்று கருதுவோர் பலர். ஆயினும் தமிழன்பர்களின் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் இசைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மாதுங்காவில் எங்கள் இல்லத்திலும் ஒன்றுண்டு. கண்பார்வை குன்றிய எங்கள் பெரிய அத்தைக்குக் காலையில் எம்.எஸ். அவர்களின் சுப்ரபாதமும் மாலையில் நாகசுரமும் அதன் வழியே கேட்டால்தான் பொழுது போகும்.

சென்ற திங்களில் ஒலி கரகரத்தது. உள்ளே பார்த்தால், இரண்டு ஈ.எல்.84 வால்வுகளில் ஒன்றின் தகடு அடுப்புக்கரி போலச் சிவந்திருந்தது. "புதுப் பெட்டி எனக்கு வேண்டாமப்பா" என்று அத்தை சொல்லிவிட்டார்.

தகடு சிவந்தால் உடனே வால்வைக் குறைகூறுவது வழக்கம். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் அருகிலுள்ள இணைப்புக் கண்டென்சரே. அது கசிந்தால் முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தம் கிரிட்டில் ஏறி, மின்னோட்டம் கட்டுமீறும். புது வால்வும் அதே கதியை அடையும். எனவே முதலில், சில ரூபாய்களே பெறும் கண்டென்சர்களை மெக்கானிக்கைக் கொண்டு மாற்றினோம். (பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். பழகாதவர் கை வைக்கலாகாது.)

பின்னர் லாமிங்டன் சாலைக்குச் சென்றோம். ஒரு கடைக்காரர் மல்லார்டு முத்திரையிட்ட வால்வைக் காட்டிப் பெருந்தொகை கேட்டார். முத்திரையை யார் வேண்டுமாயினும் அச்சிடலாம். கண்ணாடியில் மங்கலாகப் பொறித்திருக்கும் குறியீட்டையே நோக்க வேண்டும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்தவற்றில் இரண்டாம் வரி ஆங்கில 'பி' எழுத்தில் தொடங்கும். அவர் காட்டியதில் குறியீடே இல்லை. வணக்கம் கூறி வெளியேறினோம்.

எஞ்சியவை மூன்று: பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் முற்காலத்தில் செய்த பழைய இருப்பு, ரஷ்யாவின் 6பி14பி, ஸ்லோவாகியாவில் இன்றும் செய்யப்படும் ஜே.ஜே. பெங்களூர் வால்வின்மீது எங்களுக்குப் பாசம் உண்டு. ஆனால் கிடைத்த இரண்டும் ஒத்த ஜோடியல்ல. புஷ்-புல் அமைப்பில் இரண்டும் ஒரே அளவு மின்னோட்டத்தை இழுக்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரில் சமநிலை கெட்டு இரைச்சல் எழும். பாசத்தை ஒதுக்கி, அளந்து இணைத்த ஸ்லோவாகிய ஜோடியை வாங்கினோம். ரஷ்ய வால்வு மிக உறுதியானது. அன்று ஜோடியாகக் கிடைத்திருந்தால் அதையே எடுத்திருப்போம்.

முன்வரிசையிலுள்ள ஈ.சி.சி.83க்குப் பதில் ஈ.சி.சி.82 போதும், ஊசிகள் ஒன்றுதானே என்றார் வேறொருவர். ஊசிகள் ஒன்றே, பெருக்கம் அதில் 100, இதில் 20க்கும் குறைவு! எங்கள் பழைய ஈ.சி.சி.83இன் தலைப்பகுதியில் வெள்ளிப்பூச்சு மங்காமலிருந்ததால் அதை மாற்றவேயில்லை. காற்றுப் புகுந்திருந்தால் அப்பூச்சு பால்போல் வெளுத்திருக்கும்.

புதியவற்றைப் பொருத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு கத்தோடுகளிலும் 270 ஓம் மின்தடைகளின்மேல் அளந்தோம்: 10.6 வோல்ட், 10.8 வோல்ட். தகடுகள் கருநிறமாகவே இருந்தன. சிவக்காத பழைய வால்வு ஒன்றைப் பஞ்சில் சுற்றி, அவசரத்துக்கு உதவுமென்று அலமாரியில் வைத்திருக்கிறோம்.